மெஷின் எடுக்கப் போன நாள்

டொக்டர் நடக்கச் சொன்னார்.
முப்பது நிமிசம், இரண்டு பேரும்,
ஒரே துண்டில் எழுதித் தந்தார்:
எனக்குச் சீனி, இவருக்குப் பிறஷர்.

நடக்கலாம்தான்.
விடிய நாலரைக்கு மணல் ரிப்பர் போகும்.
அது போனபின் நாய்கள்.
நாய்கள் அடங்கினால் குளக்கட்டில்
யானை போட்டுவிட்டுப் போனது
இன்னும் ஆவி பறந்தபடி.
அதற்குப் பிறகு வெயில்,
வெயிலுக்குப் பிறகு கந்தோர்.

ஆகவே சீட்டுக்காசைக் கைப்பைக்குள் வைத்து
மாங்குளத்தில் பஸ் ஏறி
கிளிநொச்சியில், கண்டி வீதிக் கடையில் நிற்கிறோம்.
கடைப் பெடியன் கஜரூபனின் கண்
ஒரேயொருமுறை கீழே போய் மேலே வந்தது.
பிறகு போகவில்லை. நல்ல பிள்ளை.

முதலில் ட்ரெட்மில்.
"ஏறுங்கோ அங்கிள், றோட்டிலை நடக்கிற மாதிரியே இருக்கும்."
நாம் நின்றால் றோட்டும் நிற்கும்.
இது நிற்காது.
அமலதாஸ் வலது காலை வைத்தார்.
இடது, முழங்காலுக்குக் கீழே ரப்பர்,
அரைச் செக்கன் பிந்தியது.
பட்டி பொறுக்கவில்லை.
சிவப்புச் சாவியை நான்தான் இழுத்தேன்.
"ரெண்டு லட்சம் குடுத்து விழுறதை விட
சும்மா விழலாம்."
கரண்ட் போனால்? என்றேன்.
"நிண்டிடும் அன்ரி."
அந்த ஒன்றில் மட்டும்
எங்கள் வீட்டு நடப்பு அதற்குத் தெரிந்திருக்கிறது.

அடுத்தது எலிப்டிக்கல்.
பெயரைச் சொல்லி முடிக்கவே பாதிப் பயிற்சி.
முழங்கால் நோகவில்லை, பொய் சொல்லக் கூடாது.
எதிர்க் கண்ணாடியில்
சேற்றுக்குள் கால் மாற்றி வைக்கிற
சேலை கட்டின கொக்கு ஒன்று.
நீளம் ஆறடி.
எங்கள் வீட்டில் ஆறடிக்கு இருப்பது
கட்டில் ஒன்று, மகளின் மேசை ஒன்று.
"கட்டிலை வித்தால் போச்சு," என்றார் இவர்.
பெடியன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை.

மூலையில், பொலித்தீன் கழற்றாமல்
தோணி வலிக்கிற மெஷின்.
ஒருத்தரும் கேட்கிறதில்லையாம்.
முல்லைத்தீவில் பதினொரு வயதில் சவள் பிடித்தவர்
கேட்காமலே போய் இருந்தார்.
இருக்கை வழுக்கிப் பின்னே போனது,
கயிறு வந்தது,
போனது, வந்தது.
உள்ளே ஒரு சில்லு காற்றை அரைத்தது.
இந்தத் தோள்களை நான்
கலியாணத்துக்குப் பிறகு பார்க்கவில்லை.
"எடுப்பமோ?" விலையைப் பார்க்காமலே கேட்டேன்.
நிறுத்தினார்.
உள்ளங்கையை மூக்கடியில் வைத்து முகர்ந்தார்.
"மணமில்லை," என்றார்.
"வேண்டாம்."

மிச்சம் சைக்கிள்.
எண்பத்தி நாலாயிரம். கரண்ட் தேவையில்லை,
திரைக்கு மட்டும் இரண்டு பற்றரி.
மிதியில் இடது கால் வழுகியது.
அதற்கு வழி இருக்கிறது:
பழைய காலின் வார்ப்பட்டி
அலுமாரிக்கு மேலே கிடக்கிறது.
கைபிடியில் நாடி பிடிக்கிற தகடு.
எனக்கு நூற்றிநாலு காட்டியது.
இவருக்கு இரண்டு கோடு.
துடைத்து, மாற்றிப் பிடித்து, மறுபடியும் இரண்டு கோடு.
"தடிச்ச கைக்குப் பிடிக்காது அங்கிள்."
"செத்திட்டன் எண்டு சொல்லுது, றெஜினா."
அந்தக் கோளாறைக் காட்டி
ஐந்து வீதம் கழிவு கேட்டேன்.
தந்தான்.

வீட்டில் இப்போது மூன்று கிழமை.
இருக்கையை உயர்த்தும் ஊசிக்கு ஐந்து துளை.
அவருக்கு நாலாவது, எனக்கு இரண்டாவது.
ஒருவர் இறங்கினால்
மற்றவர் இழுத்து மாற்றித்தான் ஏற வேண்டும்.
நேற்றிரவு செய்திக்குப் பிறகு
இரண்டில் விட்டுவிட்டுப் படுத்தேன்.
இன்று கந்தோரால் வந்து பார்க்கிறேன்,
இரண்டில்தான் நிற்கிறது.

"விடியவே ஓடினனான்," என்கிறார்,
"பத்துக் கிலோமீற்றர், அந்தோனியார் சத்தியமா."
வியர்வை கூட வந்ததாம்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
தேநீரில் அவருடைய சீனியையும் குறைத்துவிட்டு
ஊசியை இழுத்து
நாலாவது துளையில் குத்தி வைத்தேன்.